ஒன்பதாம் கிரகோரியின் அஞ்சல்தலையை முன்வைத்து: பழைய திருத்தந்தையரின் நினைவுத் தலைகளைத் தேர்ந்து, சோதித்து, காக்க ஒரு முழு வழிகாட்டி

திருத்தந்தையர் படம் போட்ட அஞ்சல்தலைகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தம் காலத்துத் திருத்தந்தையரோடு நின்றுவிடுகிறார்கள். புகைப்படம் எடுத்து அச்சிட்ட முகங்கள், எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் புகைப்படக் கலை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த ஒரு திருத்தந்தைக்கு நினைவுத் தலை வெளியிடும்போதுதான் விஷயம் ஆழமாகிறது. அவர் முகம் யாருக்கும் தெரியாது. அச்சிடுபவர் ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ கல்லறைப் புடைப்பையோ கடன் வாங்குகிறார். அதனால் அந்தத் தலையை இருமுறை சோதிக்க வேண்டும்: படத்தில் இருப்பது உண்மையில் யார் என்று ஒருமுறை, தாளும் பசையும் உண்மையா என்று ஒருமுறை. முதல் சோதனையைச் செய்யாதவர் தொகுப்பில் பிழையான குறிப்பு ஏறுகிறது. இரண்டாவதைச் செய்யாதவர் கையிலிருந்து பணம் போகிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு வெளியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகர்கிறது: வத்திக்கான் 1935 பிப்ரவரி 1 அன்று வெளியிட்ட சர்வதேசச் சட்ட மாநாட்டு வரிசை. மற்ற தலைகள் தேவைப்படும் இடத்தில் வந்துபோகும்.

படி 1: எந்த எல்லைக்குள் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

“திருத்தந்தையர்” என்று மட்டும் தலைப்பு வைத்தால் ஆயிரக்கணக்கில் தலைகள் வந்து குவியும். போலந்து மட்டுமே இரண்டாம் யோவான் பவுலுக்கு ஓர் ஆல்பத்தை நிரப்பிவிடும். எல்லையைக் குறுக்குங்கள். நல்ல எல்லை ஒன்று: இறந்து குறைந்தது 200 ஆண்டுகள் ஆன திருத்தந்தையருக்கு, ஒரு நூற்றாண்டு நிறைவையோ நிகழ்வையோ ஒட்டி வெளியான தலைகள் மட்டும். இப்படி வரையறுத்தால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத் தேடுவதே படிப்பாகிவிடும்.

எந்த நாடு எந்தத் திருத்தந்தைக்கு வெளியிடுகிறது என்பதிலேயே பாதி வரலாறு இருக்கிறது. இரண்டாம் சில்வெஸ்தர், 999 முதல் 1003 வரை ஆண்டவர், பிரான்சின் ஒரிலாக் பகுதியைச் சேர்ந்த ஜெர்பெர் என்னும் கணித அறிஞர். பிரான்சு 1964-ல் அவருக்குத் தலை வெளியிட்டது. ஆறாம் ஆட்ரியன் 1459-ல் உத்ரெக்டில் பிறந்தவர், லூவன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அவர் பிறந்து 500 ஆண்டு நிறைந்த 1959-ல் பெல்ஜியம் வெளியிட்டது. லிஸ்பனில் பிறந்த இருபத்தொன்றாம் யோவானுக்கு, அவர் இறந்து 700 ஆண்டான 1977-ல் போர்ச்சுகல் வெளியிட்டது. வித்தெர்போவில் தம் அறையின் கூரை இடிந்து விழுந்து இறந்தவர் அவர். திருத்தந்தையர் வரிசையில் இருபதாம் யோவான் என்று ஒருவரே இல்லை என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்து ஆள் கணக்குப் போட்டால் தவறிவிடும். இருபத்து மூன்றாம் யோவான் என்ற பெயரை 15-ஆம் நூற்றாண்டில் எதிர்த் திருத்தந்தை (திருச்சபை ஏற்காத போட்டித் திருத்தந்தை) ஒருவரும் சூடிக்கொண்டார். ஆகவே குறிப்பில் பெயரோடு ஆட்சி ஆண்டுகளையும் எப்போதும் எழுதுங்கள்.

வத்திக்கானே வெளியிட்டவற்றில் தொடங்க ஏற்றவை இரண்டு. ஒன்று, பெரிய லியோ எனப்படும் முதலாம் லியோ இறந்த 1500-ஆம் ஆண்டுக்காக 1961-ல் வந்த மூன்று தலைகள். மற்றது, கிரகோரியன் நாட்காட்டியின் 400-ஆம் ஆண்டுக்காக 1982-ல் வந்த மூன்று தலைகள். இரண்டும் பெரிய செலவில்லாமல் கிடைக்கும். 1935 வரிசை அப்படியல்ல. வத்திக்கானின் தொடக்கக் கால வெளியீடுகளில் விலை மதிப்புள்ள ஒன்று, ஆகவே ஏமாற்றும் அதிகம்.

படி 2: பின்னணியைத் திரட்டுங்கள்

தலையை வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். தேடும்போது எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருந்தால்தான் விற்பவர் சொல்லும் விவரம் சரியா என்று மதிப்பிட முடியும்.

திருத்தந்தையரின் ஆட்சியில் அஞ்சல்தலை முதலில் வந்தது 1852 ஜனவரி 1 அன்று, ஒன்பதாம் பயஸ் காலத்தில். அந்தத் தலைகளில் அவர் முகம் இல்லை. மும்முடியும் குறுக்கே வைத்த இரு சாவிகளும் மட்டுமே. 1870 செப்டம்பர் 20 அன்று உரோமை இத்தாலியப் படையிடம் வீழ்ந்ததோடு அந்த அஞ்சல் ஆட்சி முடிந்தது. 1929 பிப்ரவரியில் இத்தாலியோடு இலாத்தரன் ஒப்பந்தம் கையெழுத்தாகி வத்திக்கான் நகர நாடு பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அதன் முதல் தலைகள் வந்தன. சிறு மதிப்புகளில் திருத்தந்தையின் சின்னம், பெரிய மதிப்புகளில் பதினோராம் பயசின் உருவம். அதாவது, தம் சொந்த அஞ்சல் ஆட்சியின் தலையில் முகம் பதித்த முதல் திருத்தந்தை அவரே.

1929-லிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் வந்தது சட்ட மாநாட்டு வரிசை. 1934 நவம்பரில் உரோமையில் சர்வதேசச் சட்ட மாநாடு கூடியது. இரண்டு நினைவுகளை அது இணைத்தது. பேரரசர் ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பு முழுமை பெற்ற 534-லிருந்து 1400 ஆண்டு. ஒன்பதாம் கிரகோரி திருச்சபைச் சட்டத் தொகுப்பை வெளியிட்ட 1234-லிருந்து 700 ஆண்டு. ஆறு தலைகள். 5, 10, 25 சென்டெசிமி (லீராவின் நூறில் ஒரு பங்கு) மதிப்புகளில், சட்ட அறிஞர் திரிபோனியன் ஜஸ்டீனியனிடம் நூலை அளிக்கும் காட்சி. 75, 80 சென்டெசிமி, 1.25 லீரா மதிப்புகளில் ஒன்பதாம் கிரகோரி. தொகுப்பைத் தயாரித்தவர் பெனாஃபோர்ட் நகர் இரெய்மண்டு என்னும் தொமினிக்கன் துறவி. 1227 முதல் 1241 வரை ஆண்ட கிரகோரி அதை அதிகாரப்பூர்வமாக அறிவித்தார். 1917-ல் புதிய திருச்சபைச் சட்டம் வரும்வரை அந்தத் தொகுப்பு நடைமுறையில் இருந்தது என்பதை அறிந்தால், ஒரு சட்ட மாநாட்டுக்கு இவர் ஏன் முகமானார் என்பது விளங்கும்.

படி 3: படத்தில் இருப்பது யார் என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். தலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1935 வரிசையின் இரண்டு காட்சிகளும் வத்திக்கான் அரண்மனையில் ‘ஸ்தான்ஸா தெல்லா செஞ்ஞாத்தூரா’ என்னும் அறையின் ஒரே சுவரில், சன்னலின் இரு பக்கமும் தீட்டப்பட்ட சுவரோவியங்கள். கிரகோரியைத் தீட்டியவர் ரஃபேல், ஆண்டு 1511. அப்போது கிரகோரி இறந்து 270 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரஃபேலுக்கு மாதிரியாக இருந்தவர், அந்த அறையைத் தீட்டச் சொன்ன திருத்தந்தை இரண்டாம் யூலியுஸ். ஓவியத்தில் கிரகோரிக்கு நீண்ட வெண்தாடி இருப்பதைக் கவனியுங்கள். 1511 வாக்கில் தாடி வளர்த்தவர் யூலியுஸ். அவர் அருகில் நிற்கும் கர்தினால்களில் இருவர் ஜொவான்னி தெ மெதிச்சியும் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேயும் என்று மரபாகக் கூறுவார்கள். முன்னவர் 1513-ல் பத்தாம் லியோ ஆனார், பின்னவர் 1534-ல் மூன்றாம் பவுல் ஆனார். ஆக, தலை போற்றுவது ஒரு திருத்தந்தையை, மூல ஓவியம் தாங்கியிருப்பது வேறு மூன்று திருத்தந்தையரின் முகங்களை. “ஒன்பதாம் கிரகோரியின் உருவப்படம்” என்று உங்கள் ஆல்பத் தாளில் எழுதினால் அது பிழை. “ரஃபேலின் ஓவியத்தில் ஒன்பதாம் கிரகோரி, இரண்டாம் யூலியுசின் முகச்சாயலில்” என்பதே சரி.

எந்தத் தலைக்கும் இதே முறையைப் பின்பற்றலாம். முதலில் படத்தின் மூலம் ஓவியமா, சிற்பமா, நாணயமா, பதக்கமா என்று தீர்மானியுங்கள். நிழல்கள் ஒரே பக்கமாக ஆழமாக விழுந்து, உருவங்கள் தளத்திலிருந்து எழும்பி நின்றால் பெரும்பாலும் புடைப்புச் சிற்பம். அடுத்து, அந்தக் கலைப்படைப்பின் ஆண்டைத் திருத்தந்தையின் இறப்பு ஆண்டோடு ஒப்பிடுங்கள். இடைவெளி ஒரு தலைமுறையைத் தாண்டினால் அது நேரில் பார்த்து வரைந்ததல்ல. மூன்றாவதாக, கலைஞருக்குப் பணி கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். அவருடைய முகமோ சின்னமோ படத்துக்குள் இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பெரிய லியோவின் 1961 தலைகள் இதற்கு நல்ல பயிற்சி. 452-ல் ஹூணர் தலைவன் அத்திலாவை லியோ எதிர்கொண்ட நிகழ்வை வத்திக்கானில் இருவர் படைத்திருக்கிறார்கள். ரஃபேலின் சுவரோவியம் ஒன்று, அதில் லியோவுக்குப் பத்தாம் லியோவின் முகம். மற்றது புனித பேதுரு பேராலயத்தில் அலெஸ்ஸாந்த்ரோ அல்கார்தி 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கிய பெரும் பளிங்குப் புடைப்பு. தலையில் இருப்பது அல்கார்தியின் சிற்பம். இரண்டையும் குழப்பி எழுதிய விற்பனைக் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. 1982 நாட்காட்டித் தலைகளின் மூலமும் சிற்பமே: பேராலயத்திலுள்ள பதிமூன்றாம் கிரகோரியின் கல்லறையில் கமில்லோ ருஸ்கோனி செதுக்கிய புடைப்பின் பகுதிகள். கிரகோரி இறந்தது 1585-ல். கல்லறைச் சிற்பம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

தலையில் உள்ள எழுத்துகளையும் படியுங்கள். பழைய வத்திக்கான் தலைகள் பலவற்றில் ஆண்டும் திருத்தந்தையின் எண்ணும் உரோமன் எண்களில் இருக்கும்: ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐநூறு, எம் ஆயிரம். சிறிய எழுத்து பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். எம்-சிஎம்-எக்ஸ்எக்ஸ்எக்ஸ்-ஐஎக்ஸ் என்றால் 1939. அந்த ஆண்டில், பதினோராம் பயஸ் இறந்து அடுத்தவர் தேர்வாகும் இடைவெளியில் வந்த தலைகளில், 1929 சின்னத் தலைகளின் மேல் ‘சேதே வக்காந்தே’ என்று மேலச்சு அடித்திருப்பார்கள். ஆட்சிப்பீடம் காலி என்று பொருள். அவை எந்தத் திருத்தந்தைக்கும் உரியவை அல்ல, இந்தத் தொகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

படி 4: கருவிகள்

தலையைப் பிடிக்க நுனி தட்டையான டாங்ஸ் ஒன்று. மருந்துக்கடையில் விற்கும் கூர்நுனி இடுக்கி தாளைக் குத்திவிடும். 10 மடங்கு உருப்பெருக்கி. தலையின் ஓரத்துப் பற்களை அளக்கும் அட்டை, முடிந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில். 365 நானோமீட்டர் புற ஊதா கைவிளக்கு. சின்னக் கறுப்புத் தட்டும், நீர்க்குறி (தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் மங்கிய குறி) பார்க்கும் திரவமும். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடக்கூடிய ஸ்கேனர். கேட்லாக் ஒன்று. வத்திக்கான் தலைகளுக்கு இத்தாலிய சசோனே மிக விரிவானது, ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிக்கேல் ஆகியவையும் போதும். ஒவ்வொரு கேட்லாக்கும் தனித்தனி எண் தருகிறது. எண்ணை எழுதும்போது கேட்லாக்கின் பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

படி 5: வாங்குவது

ஐரோப்பிய விற்பனைப் பட்டியல்களில் இரண்டு நட்சத்திரக் குறி என்றால் ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள்) படாத, மூலப் பசை முழுதாக உள்ள புதிய தலை. ஒரு நட்சத்திரம் என்றால் ஹிஞ்ச் ஒட்டிய தடம் உண்டு. வட்டம் என்றால் முத்திரை பட்டது. 1935 வரிசையில் இரண்டு நட்சத்திரத்துக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் விலை வேறுபாடு மிகப் பெரிது. ஒற்றை நட்சத்திரம் பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தலையின் முகப்பில் எந்த மாற்றமும் இல்லை. படித்து, அடுக்கி, காட்சிக்கு வைக்கச் சேர்ப்பவர் ஒற்றை நட்சத்திரத்தை வாங்குவதே அறிவு. இரட்டை நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் பின்பக்கப் பசைக்குப் போகிறது, அந்தப் பசையைத்தான் ஏமாற்றுக்காரர்கள் புதிதாகப் பூசுகிறார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஆறு தலைகளின் முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்புப் பின்னணியில் தெளிவான படம், திருப்பித் தரும் கால அவகாசம், நிபுணர் சான்றிதழ் இருந்தால் அதன் முழுப் படம். சான்றிதழில் ஒட்டியுள்ள புகைப்படத்தில் முத்திரையின் இடம், பற்களின் நீளம், படம் எந்தப் பக்கம் தள்ளி அச்சாகியிருக்கிறது என்பதை உங்கள் தலையோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ் உண்மையாக இருந்து தலை மாறியிருப்பதும் உண்டு. பழைய சான்றிதழ் என்றால், அதற்குப் பிறகு தலையில் கறையோ மடிப்போ வந்திருக்கலாம்.

ஆறில் ஐந்து மட்டும் விற்பனைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். விடுபட்டது பெரும்பாலும் விலை கூடிய மதிப்பாகவே இருக்கும்.

படி 6: தாளையும் அச்சையும் சோதியுங்கள்

சோதனைகளை ஆபத்தில்லாததிலிருந்து ஆபத்துள்ளதை நோக்கிச் செய்ய வேண்டும். வரிசை மாறினால் சேதத்துக்குப் பிறகுதான் உண்மை தெரியும்.

முதலில் உருப்பெருக்கி. 1935 வரிசை ஒவ்வொன்றும் ஒரே வண்ணத்தில் ஃபோட்டோகிராவூர் முறையில் (ஒளிப்பட வழியில் பொறித்த உருளையிலிருந்து) அச்சானது. பத்து மடங்கில் பார்த்தால் படம் முழுக்க மிக நுண்ணிய கட்டவலை தெரியும். எழுத்துகளின் ஓரம்கூட லேசாக அரம்போல இருக்கும். அச்சுக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பல வண்ணப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருந்தால் அது ஸ்கேன் செய்து அச்சிட்ட நகல். வேறு சோதனை தேவையில்லை. பிரான்சின் 1964 சில்வெஸ்தர் தலையைப் பார்க்கும்போது நிலைமை வேறு. அது செதுக்குத் தகட்டிலிருந்து அச்சானது, கோடுகள் தாளிலிருந்து எழும்பி நிற்கும். மெல்லிய அலுமினியத் தாளை மேலே வைத்து விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால் கோடுகள் தாளில் பதியும். முத்திரை பட்ட, மலிவான பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, பற்கள். அளவு அட்டையில் தலையின் ஓரத்தை வைத்து, இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று பாருங்கள். 14 என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு 14 துளை. இரண்டு எண்கள் இருந்தால் முதல் எண் மேல்கீழ் ஓரம், இரண்டாவது பக்க ஓரம். நான்கு ஓரங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளவு மாறினாலோ, கோடு வளைந்திருந்தாலோ, துளைகள் மிகக் கூர்மையாகச் சுத்தமாக இருந்தாலோ, அந்த ஓரத்தை வெட்டி மீண்டும் துளையிட்டிருக்கிறார்கள். கிழிந்த ஓரத்தை மறைக்க இப்படிச் செய்வார்கள். அப்போது தலையின் அகலமோ உயரமோ அரை மில்லிமீட்டராவது குறையும். அதே வரிசையின் மற்றொரு தலையோடு முதுகுக்கு முதுகு வைத்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, புற ஊதா விளக்கு. இருட்டறையில், விளக்கைக் கண்ணுக்குக் காட்டாமல் பிடியுங்கள். 1930-களின் தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கிடையாது, அது பின்னால் வந்தது. தாள் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் பிற்காலத் தாள். தாள் மங்கலாக இருந்து ஓர் இடம் மட்டும் ஒளிர்ந்தால் அங்கே கிழிசலை ஒட்டியிருக்கிறார்கள் அல்லது மெலிந்த இடத்தில் தாள்கூழ் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு மூலை வேறு நிறத்தில் தெரிந்தால் மூலையே வேறு தலையிலிருந்து வந்தது.

நான்காவது, பசை. ஹிஞ்ச் தடம் இல்லை என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு தலைக்கும் இது கட்டாயம். உண்மையான உற்பத்தி முறையில் முதலில் முழுத்தாளுக்கும் பசை பூசி, உலர்த்தி, அதற்குப் பிறகுதான் துளையிட்டார்கள். ஆகவே பிரித்தெடுத்தபோது பல் நுனியில் கிழிந்த நார்கள் பசையில்லாமல், மென்மையாக, பஞ்சுபோலத் தெரியும். பிற்காலத்தில் ஒற்றைத் தலைக்குப் பசை பூசினால் அது பல்லிடுக்குகளில் வழிந்து நார்களை ஊறவைக்கும். நுனிகள் விறைத்துக் கண்ணாடிபோல மினுங்கும். டாங்ஸ் பிடித்த நிலையில், பற்களை உள்ளங்கையின் பின்புறத்தில் மெதுவாகத் தொட்டால் குத்தும். மூலப் பசையில் குத்தாது. உருப்பெருக்கியில் பசையின் மேற்பரப்பையும் பாருங்கள். பூசுகோலின் கோடுகள், குமிழிகள், ஹிஞ்ச் இருந்த இடத்தில் தாள் மெலிந்த நிழல், இவை மறுபூச்சின் அடையாளங்கள்.

நீர்க்குறியைக் கடைசியில் பாருங்கள். வத்திக்கான் பல பத்தாண்டுகள் குறுக்குச் சாவி நீர்க்குறியுள்ள தாளைப் பயன்படுத்தியது, ஆனால் எல்லா வெளியீடுகளிலும் அல்ல. உங்கள் தலைக்கு உண்டா என்று கேட்லாக்கில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தாலே பல நேரங்களில் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மட்டும் நீர்க்குறித் திரவம் இரண்டு சொட்டு. பென்சின் வகைத் திரவம் பசையைக் கரைக்காது, ஆனால் ஃபோட்டோகிராவூர் மைகளில் சில அதில் கலங்கும். முத்திரை பட்ட, மதிப்புக் குறைந்த பிரதியில் சோதித்த பின்பே மற்றவற்றில் விடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் தீ இருக்கவே கூடாது.

மேலச்சுத் தலைகளைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. 1934 ஜூனில் வத்திக்கான் 1929 தலைகளின் மேல் புதிய மதிப்பை அச்சடித்து ஆறு தற்காலிகத் தலைகளை வெளியிட்டது. அடித்தலைகள் மலிவு, மேலச்சிட்டவை மிக விலை கூடியவை. உண்மையான தலையின் மேல் போலி எண்ணை அச்சடிக்க ஓர் அச்சுக்கூடம் போதும். தாள், பற்கள், பசை எல்லாம் உண்மையாக இருப்பதால் மேலே சொன்ன சோதனைகள் எதுவும் காப்பாற்றாது. சான்றிதழ் இல்லாமல் இவற்றை வாங்காதீர்கள். 1868 காலத்துத் திருத்தந்தை நாட்டுத் தலைகளிலும் இதுபோன்ற தொல்லை உண்டு. 1870-க்குப் பிறகு தனியார் கையில் போன அச்சுக்கட்டைகளிலிருந்து மறுஅச்சுகள் ஏராளமாக வந்தன.

படி 7: முத்திரை பட்டவையும் உறைகளும்

உறையோடு கிடைக்கும் எதையும் நீரில் போடும் முன் உறையைப் படியுங்கள். ஆறாம் பவுல் 1964 டிசம்பர் 2 முதல் 5 வரை பம்பாயில் இருந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை அவர். அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்காக வந்தார். அந்தப் பயணத்துக்கு வத்திக்கான் நான்கு தலைகள் வெளியிட்டது. இந்தியாவின் நுழைவாயிலும் இந்திய வரைபடமும் அவற்றில் உண்டு. அதே டிசம்பர் 2 அன்று இந்தியா புனித தோமாவுக்கு 15 பைசா தலை வெளியிட்டது. திருத்தந்தையின் வருகையை ஒட்டி வந்தும், அதில் திருத்தந்தை இல்லை. இந்த நாட்களின் முத்திரையோடு ஓர் உறை கிடைத்தால், தலையைப் பிரித்தெடுப்பது அதன் மதிப்பு முழுவதையும் அழிப்பதாகும்.

உறை சாதாரணமானது என்று உறுதியானால், தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தாள் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் முகம் மேலாக 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். தலை தானாக நழுவ வேண்டும், இழுக்கக் கூடாது. சிவப்பு, பச்சை உறைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கித் தலையைக் கெடுக்கும். மீதிப் பசை போகச் சுத்தமான நீரில் ஒருமுறை அலசி, உறிஞ்சுதாளில் முகம் கீழாக வைத்து உலர்த்துங்கள். பாதி உலர்ந்ததும் புது உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு. ஹிஞ்ச் துண்டு ஒட்டியிருந்தால் முழுக்க உலர்ந்த பின் உரித்தெடுங்கள். ஈரத்தோடு உரித்தால் தாளின் ஒரு படலமும் சேர்ந்து வரும், அந்த இடம் மெலிந்துவிடும்.

பசையுள்ள புதிய தலை நீரைப் பார்க்கவே கூடாது.

படி 8: காப்பது

சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் தலைகளின் முதல் எதிரி ஈரம். பசை இளகித் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பற்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். இந்தத் துருக்கறை பூஞ்சையால் வருவது, ஒரு தலையிலிருந்து அடுத்ததற்குத் தொற்றும். கறை கண்ட தலையை உடனே தனிப்படுத்துங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கும் மிகக் கீழே இறக்கினால் பசை வெடிக்கும், தாள் சுருளும். மலிவான ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். இறுக்கமாக மூடும் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் 100 முதல் 120 டிகிரி அடுப்புச் சூட்டில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எல்லாப் பைகளையும் ஒருமுறை உலர்த்திவிடுங்கள்.

ஆல்பங்களைப் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். படுக்கையில் அடுக்கினால் எடை கீழ் ஆல்பத்தின் பசையை அழுத்தும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். பிவிசி உறைகளில் உள்ள மென்மையூட்டி மையைக் கரைத்து இழுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிஸ்டைரீன் மவுண்டுகளே (தலையை நுழைத்துத் தாளில் ஒட்டும் உறைகள்) சரி. மவுண்டை வெட்டும்போது தலையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். மவுண்டின் பின்பக்கத்தை மிகக் குறைவாக ஈரப்படுத்தி, தாளில் ஒட்டி, குறைந்தது பத்து நிமிடம் உலர விட்டு, அதன் பிறகே தலையை நுழையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைக் காக்காதவர்களின் இரட்டை நட்சத்திரத் தலைகள் மவுண்டுக்குள்ளேயே ஒட்டிப்போய் நட்சத்திரத்தை இழக்கின்றன.

படி 9: தாளில் அடுக்கி எழுதுவது

கண்காட்சிச் சட்டகம் ஒன்றில் வழக்கமாக 16 ஏ4 தாள்கள். அந்த 16-க்குள் ஒரு கதையை முடிப்பது நல்ல கட்டுப்பாடு. முதல் தாளில் தலைப்பும் திட்டமும். அதன் பிறகு திருத்தந்தையர் வாழ்ந்த கால வரிசையில் அடுக்குங்கள். தலை வெளியான ஆண்டு வரிசையில் அடுக்கினால் லியோவும் கிரகோரியும் முன்னும் பின்னுமாக மாறிப் பார்ப்பவரைக் குழப்புவார்கள்.

ஒவ்வொரு தலைக்கும் மூன்று செய்திகள் போதும்: யாருக்காக, எதன் நினைவாக, படத்தின் மூலம் எது. கிரகோரித் தலைக்கு இப்படி எழுதலாம்:

“ஒன்பதாம் கிரகோரி (ஆட்சி 1227–1241). திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 700-ஆம் ஆண்டு, சர்வதேசச் சட்ட மாநாடு, உரோமை, 1934. வத்திக்கான், 1.2.1935, 1.25 லீரா, ஃபோட்டோகிராவூர். மூலம்: ரஃபேலின் சுவரோவியம், 1511. கிரகோரியின் முகம் இரண்டாம் யூலியுசினுடையது.”

நீங்கள் செய்த சோதனைகளின் முடிவை ஆல்பத் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள்: பற்களின் அளவு, நீர்க்குறி உண்டா இல்லையா, புற ஊதாவில் தாளின் நிறம், பசை மூலமா மறுபூச்சா, வாங்கிய நாள், விலை. பேனா மை வேண்டாம், ஈரத்தில் ஊடுருவி முன்பக்கம் வந்துவிடும். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து, கேட்லாக் பெயரும் எண்ணும் சேர்ந்த கோப்புப் பெயரில் சேமித்து, ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். திருட்டோ வெள்ளமோ வந்தால், பற்களின் அமைப்பும் படம் தள்ளி அச்சான அளவும் தெரியும் அந்த ஸ்கேன்தான், இது உங்களுடைய தலை என்பதற்கு நீங்கள் காட்டக்கூடிய ஒரே சான்று.